வாயுதூத் ஏன் நின்றது, மதுரைக்குச் சின்ன விமானம் வருமா?

கேள்வி இது: 1980-களில் தஞ்சாவூர், நெய்வேலி, புதுச்சேரி என்று சின்ன ஊர்களுக்கெல்லாம் விமானம் விட்ட வாயுதூத் என்ன ஆனது? ஆள் ஏறாமல்தான் நின்றுபோனதா? மதுரையை மையமாக வைத்துச் சுற்று ஊர்களுக்கு அதுபோல ஒரு சேவையை இன்று நடத்த முடியுமா?

ஆள் ஏறாதது ஒரு காரணம்தான். எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தாலும் அந்தத் தடங்களில் பலவற்றின் கணக்கு நேராகியிருக்காது. அந்தப் பற்றாக்குறையை யார் கொடுப்பது என்று எழுதிவைக்காமலேயே நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார்கள். வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இது விளங்கும்.

முதலில் அது ஏன் துணை நிறுவனமாகப் பிறந்தது என்பது. 1953-ஆம் ஆண்டு விமானக் கழகச் சட்டப்படி, இந்தியாவில் கால அட்டவணை போட்டுப் பயணிகள் விமானம் விடும் உரிமை ஏர் இந்தியா, இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற இரண்டு அரசுக் கழகங்களுக்கு மட்டுமே இருந்தது. மூன்றாவதாக ஒருவர் நுழைய வழியில்லை. வடகிழக்கு மாநிலங்களின் சின்ன ஓடுதளங்களுக்குத் தனியாக ஒரு சேவை வேண்டும் என்று அரசு நினைத்தபோது, இந்த இரண்டு கழகங்களும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்குவதுதான் இருந்த வழி. 1981 ஜனவரி 20-இல் வாயுதூத் அப்படித்தான் உருவானது. ஜனவரி 26-இல் முதல் சேவை தொடங்கியது. கையில் இருந்தவை இந்தியன் ஏர்லைன்ஸின் பழைய ஃபோக்கர் எஃப்27 விமானங்கள். நாற்பது பேர் சொச்சம் ஏறக்கூடிய, இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின்கள் கொண்ட விமானம் அது. இந்தியன் ஏர்லைன்ஸ் அவற்றை 1961 முதல் ஓட்டி வந்தது. ஜெட் விமானங்கள் வந்தபின் தாய் நிறுவனத்துக்குத் தேவை குறைந்த விமானங்கள் பிள்ளை நிறுவனத்துக்குப் போயின. கான்பூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய ஆவ்ரோ 748-ம் இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இதில் ஒரு பலவீனம் தொடக்கத்திலேயே ஒட்டிக்கொண்டது. விமானம், பராமரிப்பு, உதிரிபாகம் என்று பலவற்றுக்கும் வாயுதூத் தாய் நிறுவனத்தையே எதிர்பார்க்க வேண்டியிருந்தது. உதிரிபாகம் குறைவாக இருக்கும் நாளில் எந்த நிறுவனமும் முதலில் தன் பெரிய விமானத்தைத்தான் கவனிக்கும். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் இரண்டே விமானம் ஓடும் தடத்தில் ஒன்று தரையில் நின்றால் பாதிச் சேவை ரத்து. மூன்று முறை ரத்தானால் நான்காவது முறை பயணி ரயிலுக்குப் போய்விடுவார்.

நம் பக்கத்து மக்கள் நினைவில் வைத்திருப்பது டோர்னியர் 228. ஜெர்மன் வடிவமைப்பு. 1983-இல் உரிமம் பெற்று, ஜெர்மனியில் கட்டிய சிலவற்றுக்குப் பிறகு கான்பூரிலேயே தயாரிக்கத் தொடங்கினார்கள். இரண்டு காரெட் டிபிஇ331 எஞ்சின், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 715 குதிரைத்திறன். 19 இருக்கை. அமெரிக்க, ஐரோப்பிய விதிகளில் 19 இருக்கை வரை விமானப் பணியாளர் கட்டாயமில்லை. அதனால்தான் உலகம் முழுக்க இந்த வகை விமானங்கள் 19-இல் நிற்கின்றன. 800 மீட்டர் ஓடுதளத்திலேயே எழும்பிவிடும் என்பது இதன் பெரிய பலம். கேபினுக்குள் காற்றழுத்தம் கொடுக்கும் வசதி இல்லை என்பது பெரிய குறை. பயணிகளோடு 10,000 அடிக்கு மேல் அதிகம் போக முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா மீது மேகம் அடர்ந்து நிற்கும் உயரமும் அதுதான். பெரிய விமானம் மேகத்துக்கு மேலே ஏறிப் போய்விடும். டோர்னியர் மேகத்துக்குள்ளேயே குலுங்கிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் சுற்றிப் போக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். சென்னையிலிருந்து தஞ்சாவூர் விமானத் தளம் நேர்கோட்டில் சுமார் 280 கி.மீ. நெய்வேலி சுமார் 170. புதுச்சேரி சுமார் 120.

விமானச் செலவில் பெரும்பகுதி தூரத்துக்கு ஏற்றபடி கூடுவதில்லை. எஞ்சினை முடுக்குவது, ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, முழு விசையில் ஏறுவது, இறங்குவது எல்லாம் 120 கி.மீ.க்கும் 500 கி.மீ.க்கும் ஒன்றுதான். எஞ்சினின் சூடான பகுதி, சக்கரக் கால், டயர், பிரேக் ஆகியவற்றின் தேய்மானம் பெரும்பாலும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்பதைப் பொறுத்தது. புதுச்சேரிக்கு நான்கு முறை போய் இறங்கும் தேய்மானமும் 500 கி.மீ. தடத்தில் நான்கு முறை இறங்கும் தேய்மானமும் கிட்டத்தட்ட சமம். ஆனால் முதல் தடத்தில் விற்கக்கூடிய கிலோமீட்டர் கால்பங்குதான்.

எரிபொருளைப் பாருங்கள். டோர்னியர் மணிக்குச் சுமார் 270 கிலோ குடிக்கும். 19 இருக்கைக்குப் பிரித்தால் இருக்கைக்கு 14 கிலோ. அந்த ஒரு மணி நேரத்தில் அது கடப்பது 380 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். இன்று மதுரைக்கு வந்துபோகும் ஏடிஆர் 72 மணிக்குச் சுமார் 700 கிலோ குடிக்கும். 78 இருக்கைக்குப் பிரித்தால் 9 கிலோ. கடப்பது 500 கி.மீ. ஆக, ஓர் இருக்கையை ஒரு கிலோமீட்டர் நகர்த்த டோர்னியருக்கு ஏடிஆரைப் போல இரண்டு மடங்கு எரிபொருள் வேண்டும். விமானிகள் இரண்டிலும் இருவர்தான். அந்தச் சம்பளத்தை ஒன்றில் 19 டிக்கெட் சுமக்கிறது, மற்றதில் 78.

பலரும் கவனிக்காதது எடைக் கணக்கு. 19 இருக்கை இருப்பதாலேயே 19 பேரை ஏற்றிவிட முடியாது. அந்தக் காலத்து டோர்னியரின் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 6 டன்னுக்குச் சற்றுக் குறைவு. காலி எடை ஏறக்குறைய 3.6 டன். விமானிகள் இருவரையும் கழித்தால் 2.2 டன் மிஞ்சும். போய் இறங்கும் ஊரில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லையென்றால் திரும்பி வரவும் சேர்த்தே ஏற்ற வேண்டும். 280 கி.மீ. தடத்தில் போக வர 450 கிலோ, மாற்று விமான நிலையத்துக்குப் போக 150, கட்டாய இருப்பு 200, மொத்தம் 800 கிலோ. பயணிக்கும் பெட்டிக்கும் மிஞ்சுவது 1,400 கிலோ. ஆள் ஒன்றுக்குப் பெட்டியோடு 90 கிலோ என்று வைத்தால் 15 பேர். மீதி நான்கு இருக்கை விமானத்தில் இருக்கும், விற்க முடியாது.

வெயிலும் இதில் கைவைக்கும். மதுரை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர் உயரம்தான். ஆனால் மே மாதப் பிற்பகலில் 38 டிகிரி அடிக்கும்போது காற்று இளகி, எஞ்சினுக்கும் இறக்கைக்கும் அது 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓடுதளம் மாதிரிதான். நீளமான ஓடுதளத்தில் அது தொந்தரவில்லை. சின்ன ஓடுதளத்தில் இன்னும் ஓரிருவரை இறக்கிவிட வேண்டியிருக்கும்.

அடுத்தது பறக்கும் நேரம். விமானத்தின் விலை அல்லது வாடகை, காப்பீடு, விமானி சம்பளம் இவையெல்லாம் மாதக் கணக்கில் ஓடும். எவ்வளவு நேரம் பறக்கிறதோ அவ்வளவு மணி நேரத்துக்குப் பங்கு பிரியும். இன்றைய ஏடிஆர் ஒரு நாளைக்கு எட்டு, பத்து மணி நேரம் பறந்துவிடும். இரவில் விளக்கு இல்லாத ஓடுதளங்களுக்குப் போகும் டோர்னியருக்குப் பகல் மட்டும்தான். ஐம்பது நிமிடப் பயணம், அரை மணி நேர நிறுத்தம், இடையில் விமானி ஓய்வு, ஒரு தாமதம் என்று போனால் நாளுக்கு ஆறு தடவை, ஐந்து மணி நேரம். அதே மாதச் செலவைப் பாதி மணி நேரத்தின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கருவி உதவியோடு இறங்கும் ஐஎல்எஸ் வசதியும் இப்படிப்பட்ட ஊர்களில் கிடையாது. விமானி ஓடுதளத்தைக் கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். மழைக்காலக் காலையில் மேகம் தாழ்ந்து நின்றால் அந்தப் பயணம் ரத்து.

எதிரே நின்ற போட்டியும் லேசானதில்லை. 1977 ஆகஸ்ட் 15 முதல் வைகை எக்ஸ்பிரஸ் ஓடுகிறது. மீட்டர் கேஜ் தண்டவாளத்திலேயே மதுரையிலிருந்து சென்னைக்கு ஏழு மணி நேரச் சொச்சத்தில் பகலில் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டி. இரவுக்குப் பாண்டியன். தஞ்சாவூர்க்காரருக்கும் இரவு ரயில் இருந்தது. மாலையில் ஏறிப் படுத்து விடியற்காலையில் எழும்பூரில் இறங்குபவருக்கு விமானம் மிச்சப்படுத்திக் கொடுப்பது தூங்கும் நேரத்தைத்தான். நெய்வேலிக்கும் புதுச்சேரிக்கும் நிலைமை இன்னும் மோசம். மீனம்பாக்கத்துக்குப் போய்க் காத்திருக்கும் நேரத்தில் பஸ் பாதி வழி போயிருக்கும்.

இவ்வளவுக்கும் நடுவில் வாயுதூத் விரிந்துகொண்டே போனது. வடகிழக்குக்கென்று தொடங்கியது 1980-களின் பிற்பகுதியில் நாடு முழுக்க ஏறத்தாழ நூறு ஊர்களைத் தொட்டது. ஒரு தொகுதிக்கு விமானம் வந்தால் பக்கத்துத் தொகுதியும் கேட்கும், அரசு நிறுவனத்தால் மறுக்க முடியாது. விமானங்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடவில்லை. ஃபோக்கர், ஆவ்ரோ, டோர்னியர் என்று மூன்று வகை. மூன்றுக்கும் தனித்தனி விமானி உரிமம், தனித்தனிப் பொறியாளர், தனித்தனி உதிரிபாகக் கிடங்கு. இருபது சொச்சம் விமானம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இது தாங்காத பளு. என் கணிப்பில் வாயுதூத்தை முறித்ததில் இந்த விரிவாக்கத்துக்குத்தான் முதல் இடம். ஊருக்கு வாரம் இரண்டு முறை வரும் விமானத்தை நம்பி யாரும் பயணம் திட்டமிட மாட்டார்கள். பத்து ஊருக்குத் தினமும் இரண்டு முறை போயிருந்தால் அதற்கென்று ஒரு பயணி வட்டம் உருவாகியிருக்கும்.

விபத்துகளும் நம்பிக்கையைக் குலைத்தன. 1988 அக்டோபர் 19-இல் குவாஹாட்டியில் இறங்க வந்த ஃபோக்கர் விழுந்து அதிலிருந்த 34 பேரும் இறந்தார்கள். அதே நாளில் அகமதாபாத்தில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானமும் விழுந்ததால் இந்தச் செய்தி நாடளவில் சற்று மறைந்துபோனது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் புனேயிலிருந்து ஐதராபாத் போன டோர்னியர் உஜனி நீர்த்தேக்கத்தில் விழுந்து 11 பேர் இறந்தார்கள்.

நட்டம் ஏறிக்கொண்டே போய், 1993-இல் வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோடு இணைக்கும் முடிவு வந்தது. டோர்னியர்களை இந்தியன் ஏர்லைன்ஸ் குறுந்தூரச் சேவைப் பிரிவு என்ற பெயரில் கொஞ்ச காலம் ஓட்டியது. பணியாளர்கள் இரண்டு தாய் நிறுவனங்களுக்கும் பிரிந்து போனார்கள். அந்த நேரத்தில் சட்டமும் மாறிவிட்டது. 1994-இல் விமானக் கழகச் சட்டம் ரத்தாகி, தனியார் முழு உரிமையோடு நுழைந்தார்கள். 1996-இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அலையன்ஸ் ஏர் என்ற புதிய துணை நிறுவனத்தைத் தொடங்கியது. தொடங்கியது போயிங் 737-களை வைத்து. சின்ன விமானம் பக்கம் அது வந்தது பின்னால்தான்.

தென்னிந்தியாவில் வாயுதூத் தொடங்கிய தடங்களில் எது அதற்குப் பின்னும் நிலைத்தது என்று பார்த்தால் விடை கையில் கிடைக்கும். அகத்தி. லட்சத்தீவில் 1,200 மீட்டர் அளவு ஓடுதளத்தோடு 1988-இல் திறந்த அந்த விமான நிலையத்துக்குக் கொச்சியிலிருந்து வாயுதூத் டோர்னியர்தான் போனது. வாயுதூத் மறைந்தபின் இந்தியன் ஏர்லைன்ஸ் அதே டோர்னியரை அங்கே ஓட்டியது. நடுவில் கடல். பஸ் கிடையாது, ரயில் கிடையாது, கப்பலில் ஒரு நாள் போய்விடும். அங்கே இருக்கைச் செலவு இரண்டு மடங்கானாலும் கொடுக்க ஆள் உண்டு, கொடுத்தாக வேண்டிய பொறுப்பு அரசுக்கும் உண்டு. 2022 ஏப்ரலில் அலையன்ஸ் ஏர் மறுபடி கான்பூர் டோர்னியரைக் கையில் எடுத்தபோதும் 17 இருக்கையோடு அதை அருணாசலத்தின் பாசிகாட்டுக்குத்தான் அனுப்பியது. மலையும் ஆறும் குறுக்கே நிற்கும் ஊர்.

மதுரைக்கு நெருக்கமான இன்னொரு பாடம் பாரமவுண்ட் ஏர்வேஸ். மதுரை நூற்பாலைக் குழுமம் ஒன்று தொடங்கிய விமான நிறுவனம். 2005 அக்டோபரில் எம்பிரேயர் 170, 175 ஜெட்களோடு வந்தது. இந்தியாவில் அந்த வகை விமானத்தை முதலில் பறக்கவிட்டது இவர்கள்தான். வாயுதூத் தவறவிட்ட இரண்டை இவர்கள் சரியாகப் பிடித்தார்கள். ஒன்று, விமானத்தின் அளவு. 80 இருக்கைக்குக் குறைந்த உள்நாட்டு விமானத்துக்கு 2004 முதல் தரையிறங்கும் கட்டணம் கிடையாது. இவர்கள் விமானம் 70 முதல் 75 இருக்கை. இரண்டு, எடை. ஏடிஆர் போல முன்னால் விசிறி சுழலும் டர்போபிராப் விமானத்துக்கு விற்கும் எரிபொருளுக்கு வரி 4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றிருந்த சலுகை, 2007-இல் 40 டன்னுக்குக் குறைந்த எல்லா விமானங்களுக்கும் விரிந்தது. மற்ற ஜெட்களுக்குத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் 29 சதவீதம். எம்பிரேயர் அந்த 40 டன் கோட்டுக்குள் நின்றது. சென்னை, மதுரை, கோவை, திருச்சி, கொச்சி, பெங்களூர் என்று நெருக்கமான வலையில் வணிகப் பயணிகளைக் குறிவைத்தார்கள். இரண்டிரண்டு இருக்கை, நடு இருக்கையே கிடையாது.

அது நின்றது பயணி இல்லாமல் அல்ல. ஐந்து விமானமும் வாடகை விமானம். 2010-இல் குத்தகை கொடுத்தவர்களோடு வழக்கு வந்து விமானங்கள் கையைவிட்டுப் போனதும், ஓட்ட விமானமின்றி அந்த ஆண்டே சேவை முடிந்தது. ஐந்து விமான நிறுவனத்தில் இரண்டு போனாலே அட்டவணை கிழிந்துவிடும். சின்ன நிறுவனம் விமானத்தைக் குத்தகைக்குக் கொடுப்பவர்களையே நம்புவதன் ஆபத்து வாயுதூத் தாய் நிறுவனத்தை நம்பியதன் ஆபத்தே. 1990-களில் காற்றாலைக் குழுமம் ஒன்று சென்னையிலிருந்து ஃபோக்கர்களோடு நடத்திய என்இபிசி ஏர்லைன்ஸும், அது வாங்கிய ஸ்கைலைன் என்இபிசியும் 1997-இல் நின்றவை. அவை தனிப் பதிலுக்கு உரியவை.

சின்ன ஊர்களுக்கு விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த இன்றைய உடான் திட்டத்தைப் பார்த்தால், வாயுதூத்துக்கு எழுதிவைக்காமல் விட்டதை ஒவ்வொன்றாக எழுதிவைத்திருப்பது தெரியும். ஒரு மணி நேரப் பயணத்தில் பாதி இருக்கைக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு என்று தொடங்கினார்கள். அதனால் வரும் பற்றாக்குறையை மூன்று ஆண்டுக்கு மத்திய அரசு 80, மாநிலம் 20 என்ற விகிதத்தில் ஈடுகட்டும். அந்த மூன்று ஆண்டும் தடம் ஒருவருக்கே. அந்த ஊர்களில் நிரப்பும் எரிபொருளுக்கு மாநில வரி 1 சதவீதம். இத்தனை இருந்தும் 19 இருக்கைக் கணக்கு எளிதாகவில்லை. நெய்வேலி முதல் சுற்றிலேயே பட்டியலில் வந்தது. 18, 19 இருக்கை விமானத்தோடு அந்தச் சுற்றில் நிறையத் தடங்களை எடுத்த நிறுவனங்களால் பெரும்பாலானவற்றைத் தொடங்கவோ நீடிக்கவோ முடியவில்லை. சேலத்துக்கு 2018 மார்ச்சில் ஏடிஆர் வந்தது, நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி வந்தது. திரும்பி வந்ததும் ஏடிஆர்தான்.

மதுரைக்கு என்ன பொருந்தும் என்று இப்போது சொல்லலாம். மதுரை–சென்னை நேர்கோட்டில் 420 கி.மீ., ஏடிஆருக்கு அளவெடுத்த தூரம். அது ஓடுகிறது, ஓடும். மதுரை–தஞ்சாவூர், மதுரை–ராமநாதபுரம், மதுரை–தூத்துக்குடி என்று கேட்பவர்களுக்கு விமானத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்பதே என் பதில். நாலுவழிச் சாலையில் இரண்டு, மூன்று மணி நேரத்தில் முடியும் பயணத்துக்கு, மதுரை விமான நிலையம் இருக்கும் பெருங்குடி வரை போய்ச் சோதனை முடித்துக் காத்திருப்பதே ஒன்றரை மணி நேரம்.

மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கும் தடம் வேறு. மதுரை–கொச்சி நேர்கோட்டில் 190 கி.மீ.தான். போடிமெட்டு, மூணாறு வழியாகவோ கம்பம், குமுளி வழியாகவோ போனால் ஆறேழு மணி நேரம். ஏலக்காய், மிளகு வியாபாரமும், கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி வழி வளைகுடா போகும் பயணிகளும், மீனாட்சி கோயிலுக்கு வரும் சுற்றுலாவும் இந்தத் தடத்துக்கு உண்டு. மதுரையின் ஓடுதளம் 2,285 மீட்டர், கொச்சியினுடையது அதைவிட நீளம், இரண்டிலும் எரிபொருளும் இரவு விளக்கும் இருக்கின்றன. ஆகவே மேலே சொன்ன எடைக் கணக்கில் திரும்பும் எரிபொருளைச் சுமக்க வேண்டியதில்லை. தூரமும் குறைவு, 19 இருக்கையும் ஏறக்குறைய முழுதாக விற்கலாம். ஏடிஆரைப் போடுவதானால் மதுரை–கொச்சியைத் தனித்து ஓட்டாமல் சென்னை–மதுரை–கொச்சி என்று ஒரே விமானத்தின் தொடராகப் போட வேண்டும். சென்னைத் தடத்துப் பயணி விமானத்தின் மாதச் செலவைச் சுமப்பார், மலை தாண்டும் பகுதிக்கு எரிபொருளும் தேய்மானமும் மட்டும் தேறினால் போதும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று தினமும் இரண்டு முறைக்குக் குறையக் கூடாது. வாரம் மூன்று நாள் என்ற அறிவிப்பு வந்தால் அந்தத் தடம் ஓர் ஆண்டு தாண்டாது என்று இப்போதே சொல்லிவிடலாம்.